மடங்கும் முழங்கால்

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் மணலில் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து கயிறு பிடிப்பார்கள். அந்தப் பாரம் முழங்காலிலும் விழும். 50 தாண்டியவர்கள் சிலர் வலியைவிட இதைத்தான் சொல்கிறார்கள்: "நடக்கையில கால் சடாரெண்டு மடங்குது."

மூட்டுத் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டுகிறோம். தேய்மானமும் காரணமாகலாம். ஆனால் முழங்காலை நிமிர்த்திப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் அது மெலியும். மெலிந்தால் இன்னும் மடங்கும். எண்ணெய் தடவுவது இதம்தான், தசை வளராது. (எங்கள் பெரியப்பா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்!)

அந்தத் தசையை வலுவாக்க, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்குங்கள். மற்றதை நேராக ஒரு சாண் உயர்த்தி, 5 எண்ணி, மெல்ல இறக்குங்கள். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பிப் பழகுங்கள். எடை கூடியவர்களுக்கு ஒரு சேதி: உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ பாரம் குறைகிறது.

வலை இழுக்கையில் 'டப்' என்று கேட்டு உடனே வீங்கினாலோ, கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டாலோ கதை வேறு. உள்ளே சவ்வோ தசைநாரோ கிழிந்திருக்கலாம். புத்தளம், சிலாபம் அரச ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் காட்டலாம். அதுவரை மீனவர் வாடியில் வைத்து யாரையும் காலை இழுத்துச் சுளுக்கெடுக்க விடாதீர்கள்.