ஏற்கெனவே பார்த்தவன்

எங்கள் கூட்டத்தில் எந்த அனிமேயைப் போட்டாலும் அதை நான் முன்பே பார்த்து முடித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டு ஹாலில் கூடுகிறவர்கள் மூன்று நண்பர்களும் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா மகளும். அவர்களுக்கு எல்லாமே புதிது, எனக்கு எதுவும் புதிதில்லை. பார்த்ததையே பார்க்கச் சலிக்கவில்லையா என்று வீட்டில் கேட்பார்கள். சலிக்காததன் காரணத்தை நான் இதுவரை வெளியே சொன்னதில்லை. நான் டிவியைப் பார்ப்பதே குறைவு. பார்ப்பதெல்லாம் இவர்கள் முகத்தை.

‘மடோகா மேஜிகா’வின் மூன்றாவது பகுதியை ஓடவிட்டு, கடைசிச் சில நிமிடங்கள் சோபாப் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். அதில் என்ன நடக்கிறது என்று இங்கேயும் சொல்லமாட்டேன். 2011இல் வந்த தொடர்தான். அதற்காக, இனிமேல் பார்க்கப்போகிறவர் ஆசையில் ஏன் மண்ணைப் போட வேண்டும்?

தெரிந்தவன் தெரியாதவர்கள் நடுவே உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை. வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதாது. “மாமா நிமிர்ந்து உட்கார்ந்துட்டாரு, ஏதோ வரப்போகுது” என்று அக்கா மகள் கண்டுபிடித்துவிடுவாள். யாரையாவது பார்த்து நான் உச்சுக்கொட்டினால், “இவன் சாகப்போறான்டா” என்று ஒருவன் தீர்ப்பு எழுதிவிடுவான். அதனால் வேர்க்கடலை உரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தலை குனிந்திருக்கும், கைக்கும் வேலை இருக்கும், முகம் தப்பித்துவிடும். முக்கியமான கட்டத்தில் மட்டும் உரிப்பது நின்றுபோகிறது என்பதையும் அவள் பிற்பாடு பிடித்துவிட்டாள். அது வேறு கதை.

கடலைத் தட்டுக்கு நிஜமான சோதனை வந்தது ‘ஹருஹி சுஸுமியா’வில். நாகாரு தானிகாவா எழுதிய கதைகளைக் கியோட்டோ அனிமேஷன் 2006இல் 14 பகுதிகளாக எடுத்தது, அதுவும் கால வரிசையைக் கலைத்துப்போட்டு. 2009இல் வரிசைப்படி மறுஒளிபரப்பு செய்தபோது நடுநடுவே புதிதாக 14 பகுதிகள் சேர்ந்தன. அந்தப் பதினான்கில் எட்டுக்கு ‘எண்ட்லெஸ் எயிட்’ என்று ஒரே தலைப்பு, ஒரே கதை. கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரம்: நீச்சல் குளம், திருவிழா, தங்கமீன் பிடிக்கும் கடை, வாணவேடிக்கை, தவளை வேஷம் கட்டிக்கொண்டு கூலி வேலை. மாதம் முடிந்தால் மறுபடி ஆகஸ்ட் 17. விடுமுறை முடிய மனமில்லாத பள்ளி மாணவி ஹருஹி, தனக்கே தெரியாமல் காலத்தைத் திருப்பிவிடுகிறாள். செலவை மிச்சம்பிடிக்கப் பழைய காட்சிகளை ஒட்டிய வேலையும் இல்லை. எட்டையும் தனித்தனியாக வரைந்து, குரல் நடிகர்களைத் திரும்பத் திரும்பப் பேசவைத்து எடுத்திருக்கிறார்கள். வாரம் ஒன்றாக இதைப் பார்த்த ஜப்பானிய ரசிகர்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

தனியாகப் பார்த்த காலத்தில் நான் மூன்றாவதோடு நிறுத்திவிட்டு நேரே எட்டுக்குத் தாவினேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஃபோல்டரைத் திறந்தால் எட்டும் வரிசையாக நிற்கின்றன. எங்கே முடியும் என்று தெரிந்தபின் பொறுமை எதற்கு?

கூட்டத்துக்கு அந்தப் பட்டியலை நான் காட்டவில்லை. மூன்றாவது ஓடும்போது, “டேய், பார்த்ததையே போடுறியேடா” என்று ரிமோட்டைப் பிடுங்க வந்தார்கள். நான்காவதில் ஒருவன் செல்போனுக்குள் போய்விட்டான். ஐந்தாவதில் அக்கா மகள், “போன தடவை இந்தக் கலர் யுகாத்தா இல்லையே” என்றாள். திருவிழாவுக்கு உடுத்தும் பருத்தி உடையைச் சொல்கிறாள். அவ்வளவுதான், செல்போன் கீழே போனது. நீச்சல் உடை மாறியிருக்கிறதா, கேமரா முன்பு எந்தப் பக்கமிருந்து பார்த்தது என்று ஆளாளுக்குத் துப்புத் துலக்க ஆரம்பித்தார்கள். விடுமுறை முடியப்போகிற நாளில் காபிக் கடையிலிருந்து ஹருஹி எழுந்து போவாள். அவளைத் தடுத்து ஏதோ சொல்ல வேண்டும் என்று, கதையைச் சொல்லும் அவள் வகுப்புத் தோழன் கியோனுக்குத் தோன்றும், வாய் வராது. ஆறாவதிலும் ஏழாவதிலும் அந்த இடத்தில் என் ஹாலே எழுந்து நின்று, “கூப்பிடுடா! கூப்பிட்டுத் தொலைடா!” என்று கத்தியது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டி, கிரிக்கெட்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்ன வரும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கத்தினார்கள். ஜப்பானில் மியாசாகியின் ‘லபுட்டா’ படத்தை டிவியில் போடும்போதெல்லாம் இப்படி ஒன்று நடக்கும். உச்சக்கட்டத்தில் சிறுவனும் சிறுமியும் ‘பால்ஸு’ என்று மந்திரம் சொல்லும் அதே கணத்தில், பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) அதையே தட்டுவார்கள். 2013 ஆகஸ்டில் ஒரு நொடிக்கு 1,43,199 ட்வீட்டுகள் என்று உலகச் சாதனையே ஆனது. அது 1986இல் வந்த படம். முடிவு தெரியாதவர் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சஸ்பென்ஸைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்ட என் போன்றவனுக்கு இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

எனக்கு அன்று அகப்பட்டவள் யுகி நாகாத்தோ. கிளப் அறையின் ஓரத்தில் புத்தகமும் கையுமாக இருக்கும் பெண், ஹருஹியைக் கவனிக்க வேற்றுலகச் சக்தி ஒன்று செய்து அனுப்பியவள். காலம் திரும்பியது அத்தனையும் அவளுக்கு மட்டுமே நினைவில் நிற்கும். கடைசிக் கணக்குப்படி 15,532 முறை, ஏறக்குறைய 595 ஆண்டுகள். ஏன் சொல்லவில்லை என்று கியோன் கேட்டால், கவனிப்பதுதான் தன் வேலை என்கிறாள். தாவிப் பார்த்தபோது எனக்கு அது ஒரு பெரிய எண், அவ்வளவே. கடலைத் தட்டின் மேல் குனிந்துகொண்டு, “இன்னும் எத்தனைடா?” என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப உதட்டைப் பிதுக்கியபோதுதான் அவள் அலுப்பின் ஒரு துளி எனக்குத் தெரிந்தது. எனக்காவது எதிரே நாலு பேர் புதுசு புதுசாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அதே குளம், அதே மீன், அதே வாணம்.

அடுத்த ஞாயிறு, 2010இல் வந்த ‘தி டிஸப்பியரன்ஸ் ஆஃப் ஹருஹி சுஸுமியா’. இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டிய படம். நாகாத்தோ அதில் ஒரு காரியம் செய்கிறாள். முன்பு பார்த்தபோது அதைக் காதல் என்றே எடுத்துக்கொண்டேன், பலரிடம் அப்படியே பேசியும் இருக்கிறேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அக்கா மகள் சொன்னாள்: “காதலெல்லாம் அப்புறம் மாமா. அத்தனை வருஷம் எல்லாத்தையும் பார்த்துட்டுப் பேசாம இருந்தவ வேற என்ன பண்ணுவா?” எட்டையும் விடாமல் பார்த்தவள் பேசுகிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

செல்போன்காரன் விடவில்லை. இதைச் சொல்ல எட்டு எதற்கு, மூன்றே போதுமே, பார்க்கிறவனை வதைப்பதும் ஒரு கலையா என்றான். எட்டும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் அந்தப் பெண்ணின் நிலைமை நமக்கு உறைக்காது என்று அக்கா மகள் எகிறினாள். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து அவளுக்கு இரண்டு தடவை போன் வந்தும் வாதம் ஓயவில்லை. என் கணக்கில் ஐந்து போதும். அந்த யுகாத்தாவை அவள் கண்டுபிடித்தது ஐந்தாவதில்தானே? இதைச் சொன்னதிலிருந்து இரண்டு கட்சியும் என்னோடுதான் சண்டை.