குழாயின் மறுமுனை

எங்கள் ஊர் காங்கேயனோடை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், மண்முனைத் துறைக்குக் கிட்ட இருக்கிறது. சூரியன் எழும் பக்கம் என்பதால் எங்களுடையது எழுவான்கரை. அது படும் பக்கம் என்பதால் அங்கால் உள்ளது படுவான்கரை. பெயர் வைத்தவர்கள் இரண்டு கரையையும் ஒரே சூரியனைக் கொண்டுதான் அளந்திருக்கிறார்கள்.

என் வாப்பா படுவான்கரையில் குத்தகைக்கு வயல் செய்தவர். மண்முனையில் 'பாதை'யில் ஏறி அக்கரைக்குப் போவார். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் றோட்டு மட்டுமல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். சூடடிப்புக் காலத்தில் என்னையும் இரண்டொரு தடவை கூட்டிப் போயிருக்கிறார். குளத்தில் இறங்கிக் குளித்ததும், வரம்பில் இருந்து எல்லாரும் ஒன்றாகச் சோறு தின்றதும் நினைவில் இருக்கிறது.

1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது எனக்குப் பத்து வயது. அதன்பிறகு வாப்பா அக்கரைக்குப் போகவில்லை. அக்கரைக்கும் தன் கணக்கு உண்டு. 1987 இலும் 1991 இலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் நடந்த படுகொலைகளை அந்த மக்கள் மறக்கமாட்டார்கள். நடுவில் கிடந்த வாவியை இரு பக்கத்தாரும் பயத்தோடுதான் பார்த்தோம். ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான வாவி அது. அதன் கரையில் வளர்ந்த எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. என் வயதுக்காரர் பலருக்கும் தெரியாது. தண்ணீர்க்கரைக்குப் போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள்.

2009 இல் யுத்தம் முடிந்தது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. காத்திருந்து கடந்த வாவியை மோட்டார் சைக்கிளில் ஓரிரு நிமிடத்தில் கடக்கலாம் என்றாயிற்று. அதோடு எங்கள் பக்கத்துச் சனம் குளங்களைத் தேடிப் புறப்பட்டது. பெருநாள் விடுமுறை வந்தால் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று வான்களும் ஓட்டோக்களும் நிரம்பிப் போகும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காத்தான்குடியில் வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் தோளோடு தோள் நிற்கின்றன. பிள்ளைகள் ஓடுவதற்கு ஒழுங்கைதான் உண்டு. கடற்கரை இருக்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட உம்மாமார் பலர் இன்னும் அலையை நம்புவதில்லை. அடுப்படியிலேயே நாள் போக்கும் பெண்களுக்கு ஒரு மருதமர நிழலும் சலனமில்லாத தண்ணீரும் எவ்வளவு பெரிய விடுதலை என்பது, குளக்கட்டில் அவர்கள் சிரிக்கும் சிரிப்பைக் கேட்டால் விளங்கும்.

2017 இல் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு ஐந்தாம் தரப் பிள்ளைகளை உன்னிச்சைக்குக் கூட்டிப் போனேன். மண்முனைப் பாலம் கடந்து, மகிழடித்தீவு வழியாக, வவுணதீவு, ஆயித்தியமலை என்று பஸ் போனது. பிள்ளைகள் பாதிப்பேர் படுவான்கரையைப் பார்ப்பதே அன்றுதான். "சேர், இதெல்லாம் ஆர்ர வயல்?" என்று ஒருவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

மாரி மழைக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருந்தது. குளம் உள்வாங்கிக் கிடந்தது. தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் வெடித்த சேறு. அந்தச் சேற்றில் பாதி புதைந்தபடி சோடாப் போத்தல்கள், யோகட் கோப்பைகள், லஞ்ச் சீற்றுகள், குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய பம்பர்ஸ்கூட. குளம் நிரம்பியிருந்தபோது வந்தவர்கள் எறிந்தவை. ஒரு சொப்பிங் பேக்கில் காத்தான்குடிக் கடையொன்றின் பெயர் அழியாமல் இருந்தது. நான் அதைக் காலால் மறைத்தேன்.

நாங்கள் சாப்பிட்டு எழும்பும் நேரம் மாடுகளைத் தண்ணீருக்குச் சாய்த்துக்கொண்டு ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும்.

"எந்த ஊர் பிள்ளையள் சேர்?"

சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"குடிக்கத் தண்ணி மிச்சம் கிடக்கா?"

ஒரு போத்தலைக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் குளத்துத் தண்ணிதான் சேர் குழாயில உங்கட ஊர்ப்பக்கம் வருது. எங்கட வளவுக்கு இன்னும் வரல்ல. கிணறும் வத்திப் போச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. போத்தலைத் திருப்பித் தந்தார். வெற்றுப் போத்தலை நான் கீழே போட்டுவிடுவேனோ என்று பார்ப்பதுபோல் சற்று நின்றார். பிறகு மாடுகளோடு போய்விட்டார்.

குழாய்க் கதை எனக்குத் தெரியாததல்ல. உன்னிச்சைத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, மட்டக்களப்பு நகருக்கும் சூழவுள்ள எழுவான்கரை ஊர்களுக்கும் வருகிறது. எங்களுடையது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் துண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாய் நிற்பதுதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர். கூடுதலாக இறைத்தால் உவர் மேலே வரும். நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் நாலெட்டுத்தான். அப்படிப்பட்ட ஊர்களுக்கு அந்தக் குழாய் பெரிய நிஃமத். இதையெல்லாம் சுற்றாடல் பாடத்தில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். தேங்கிய நீரில் அசுத்தம் செய்யக்கூடாது என்ற நபிமொழியையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் வரைந்த படத்தில் குழாயின் இந்த முனையில் வீடுகள் இருந்தன, மறுமுனையில் குளம் மட்டும் இருந்தது. குளத்தடியில் ஒரு மனிதர் இருப்பதை நான் வரையவில்லை.

அன்று பிள்ளைகளைக் கொண்டு கண்ணுக்கெட்டிய குப்பையைப் பொறுக்கினோம். ஆறு உரப்பை நிரம்பியது. பஸ் சாரதி முகம் சுளித்தார். ஆனாலும் ஏற்றிக்கொண்டார்.

பிறகு போகக் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடிக்காரன். அந்த வெட்கமும் துக்கமும் எங்களைவிட்டு லேசில் போகவில்லை. தொப்பி போட்ட பிள்ளைகளை நிரப்பிய பஸ்ஸோடு அக்கரைக்குப் போக எவருக்கும் மனம் வரவில்லை. தொடர்ந்து கொரோனா வந்தது. 2022 இல் பெற்றோல் இல்லை. பாலம் நின்ற இடத்தில்தான் நின்றது, நாங்கள்தான் கடக்கவில்லை. வாப்பாவுக்கு நடந்தது எனக்கும் நடக்கிறதோ என்று நினைத்தேன்.

2023 இல் அடுத்த தொகுதிப் பிள்ளைகளோடு மீண்டும் போனேன். புறப்படுமுன் பாடசாலைக் குழாயில் இருபது லீற்றர்க் கலன்கள் இரண்டை நிரப்பினோம். எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு அந்த மனிதரின் கதையைச் சொன்னேன். அவர் இருக்கிறாரோ இல்லையோ என்று உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

இருந்தார். மாடுகள் குறைந்திருந்தன, நரை கூடியிருந்தது. என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. உரப்பைகளைக் கண்டதும், "ஓ, குப்பை பொறுக்கின சேரா!" என்றார். ஏப்ரலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வந்தது தொண்டையில் நின்றது. அவருக்குக் குழாய் வந்துவிட்டதா என்று கேட்கவும் வாய் வரவில்லை.

"அண்ணன், கொஞ்சம் தண்ணி கொண்டு வந்த" என்று கலன்களைக் காட்டினேன்.

அவர் மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"எங்கட குளத்துத் தண்ணிய எங்களுக்கே கொண்டு வந்திரிக்கீங்க!"

பிள்ளைகளும் சிரித்தார்கள். இரண்டு பேர் கலன்களைத் தூக்கிக்கொண்டு அவர் வளவுவரை போனார்கள். திரும்பி வரும்போது ஒருவன் கையில் நாலைந்து கொய்யாப்பழம். இன்னொருவன் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான்: "சேர், அடுத்த முறை வந்தா நீந்தப் பழக்கித் தாறன் எண்டு சொன்னார்."

"உனக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சேர். உங்களுக்கும்தான்."