இழுத்துப் பார்த்த கயிறு

முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிவில் படிக்கிற எனக்கு உயரம் என்றால் பயம். சிரிக்காதீர்கள்! என் அப்பா கொத்தனார். நான் எட்டாவது படிக்கும்போது சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தார். இன்றைக்கும் இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பார். போன வருட விடுமுறைப் பயிற்சியில் நான்காவது மாடிச் சாரத்தில் பாதி ஏறிய நான், குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மேஸ்திரி வந்துதான் இறக்கினார். கீழே நம்ம பசங்க அடித்த கிண்டல் இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

இந்த வருடம் வகுப்பில் சார் இரண்டு போட்டோ காட்டினார். பிரான்சில், ஆல்ப்ஸ் மலையில், ஷாமொனி ஊருக்கு மேலே நிற்கும் பெத்தி ட்ரு சிகரம். உயரம் 3,733 மீட்டர். முழுக்க கிரானைட். முதல் போட்டோவில் தென்மேற்குப் பக்கம் ஒரு பெரிய தூண். இரண்டாவதில் தூணைக் காணோம்! வெளுத்த தழும்பு மட்டும்தான்.

அதற்குப் பெயர் பொனாட்டி தூண். வால்டர் பொனாட்டி இத்தாலிக்காரர். 1954-ல் கே2 சிகரத்துக்குப் போன குழுவில் இவர்தான் இளையவர், 24 வயது. மேலே இருந்த இருவருக்காக ஆக்சிஜன் சுமந்து போனவர், அவர்கள் கூடாரத்தை எட்ட முடியாமல் மஹ்தி என்ற ஹுன்சாக்காரரோடு 8,000 மீட்டருக்கு மேலே வெட்டவெளிப் பனியில் இரவு முழுக்கக் கிடந்தார். மஹ்திக்குக் கால் விரல்கள் போயின. மனம் உடைந்து ஊர் திரும்பிய பொனாட்டி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தூணில் தன்னந்தனியாக ஏறினார். ஆறு நாள்!

தனியாக ஏறுவது என்றால் சும்மா இல்லை. ஒரு கயிறு நீளம் ஏறி, மேலே ஆணி அடித்துக் கட்டி, மறுபடி கீழே இறங்கி, அடித்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே திரும்ப ஏறி, மூட்டையையும் இழுக்க வேண்டும். ஆணி பிடித்ததா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். அடிக்க அடிக்கச் சுருதி ஏறினால் நல்ல பிடி. 'டொக்கு டொக்கு' என்றால் வேறு விரிசல் பார்க்க வேண்டியதுதான். (நம்ம ஒர்க்‌ஷாப்பில் எனக்கு எப்போதும் டொக்குதான்!)

ஓரிடத்தில் ஆணி அடிக்க விரிசலே இல்லை. திரும்பவும் வழியில்லை. பொனாட்டி கயிற்று நுனியில் முடிச்சு முடிச்சாகப் போட்டு, எட்டத்தில் துருத்தி நின்ற கல் செதில்களுக்குள் வீசினார். பல தடவை வீசிய பிறகு மாட்டியது. இழுத்துப் பார்த்தார். ஆனால் யோசியுங்கள்... நின்ற இடத்திலிருந்து இழுத்தால் விசை ஒரு திசை. தொங்கினால் வேறு திசை. அப்போதும் முடிச்சு நிற்குமா? மெக்கானிக்ஸ் பேப்பரில் எனக்கு அரியர் விழுந்த மாதிரி கேள்விக்கு அந்த மனுஷன் உடம்பாலேயே விடை எழுதினார். வெளியில் ஊசலாடினார். நின்றது. கைமேல் கை வைத்து ஏறிப் போனார்.

அந்தத் தூண்தான் 2005 ஜூனில் இடிந்து விழுந்தது. இரண்டரை லட்சம் கன மீட்டருக்கு மேல். ஒரு டிப்பருக்குப் பத்து என்று போட்டால் 25,000 லோடு! கிரானைட்டுக்கு என்ன கேடு என்று கேட்டேன். விரிசல்களுக்குள் காலங்காலமாக உறைந்து கிடந்த பனிக்கட்டிதான் பாறையைச் சேர்த்துப் பிடித்திருந்ததாம். வெயில் ஏற ஏற அது இளகிவிட்டது என்றார் சார்.

அன்று இரவு அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தூண் இடிந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"கயித்த இழுத்துப் பாத்துட்டுத்தானடா தொங்குனாரு?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு நான் சாரத்த ஆட்டிப் பாக்கலடா. கலவை காஞ்சிடும்னு அவசரத்துல ஏறிட்டேன்" என்றார். கயிறு இத்துப்போயிருந்தது என்றுதான் இத்தனை வருடமாக எங்களிடம் சொல்லியிருந்தார்.

இந்த விடுமுறையிலும் அதே சைட். சாரத்தின் ஒவ்வொரு குழாயையும் ஆட்டி, ஒவ்வொரு கிளாம்பையும் தொட்டுப் பார்த்து ஏறினேன். நான்காவது மாடிக்கு அரை மணி நேரம். "தம்பி, எல்லாம் நாங்க முடுக்கியாச்சு, ஏறுப்பா!" என்று மேஸ்திரி கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். நான் அடுத்த குழாயை ஆட்டிப் பார்த்தேன்.

- மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை