விழாவில் வந்த துக்கம்

இன்பமும் துன்பமும் முறைவைத்து வருவன அல்ல. ஊரெல்லாம் விழாக் கொண்டாடுங்கால் ஒரு வீட்டில் மட்டும் சாவு நேர்தலும் உண்டு. அந்நாளில் அவ்வீட்டார் அழுவதா, மகிழ்வதா? யூத சமய நூலோர் இவ்வினாவை மிக நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர்.

யூதர் தம் நெருங்கிய உறவினர் இறந்துழி, அடக்கஞ் செய்த நாள்முதல் ஏழு நாள் துக்கங் காப்பர். அந்நாட்களில் தாழ்ந்த இருக்கையில் அமர்வர், தோற்செருப்பு அணியார், தொழில் செய்யார், முதலுணவை அயலாரே கொணர்ந்து ஊட்டுவர். முப்பதாம் நாள்வரை சில விலக்குகள் தொடரும். பெற்றோர்க்காயின் பன்னிரு திங்கள். மற்று, விழாவில் மகிழ்ந்திருக்க வேண்டுமென்பதும் உபாகமம் 16-ஆம் அதிகாரத்து விதித்த கட்டளையே. இரு கடமைகளும் எதிர்ப்படின் எது நிற்கும்?

பல்லோர்க்குரிய கட்டளை ஒருவனுக்குரிய கட்டளையை விலக்கும் என்பது தால்மூதின் 'மோயேத் காத்தான்' என்னும் பகுதி தரும் விடை. ஆதலின் விழாவுக்கு முன் ஒருவன் சிறிதுபொழுதே துக்கங் காத்தானாயினும், விழாப் புகுந்தவுடன் ஏழுநாட் கடன் நீங்கும். விழாவின் இடைநாளில் அடக்கம் நிகழின், அக்கடன் தொடங்காது நின்று, விழாவுக்குப் பின்னரே நிறைவேறும். வாரந்தோறும் வரும் ஓய்வுநாளோ துக்கத்தை நீக்காது. ஏழனுள் ஒன்றாய் எண்ணப்படும். வெளிப்படைக் குறிகளே அன்று விலக்கப்படும். 1565-ல் வெனிசு நகரில் அச்சேறிய 'சுல்கான் அரூக்' இவ்விதிகளைத் தொகுத்துரைக்கின்றது.

கூடாரவிழாவின் இடைநாளில் தாயை அடக்கஞ் செய்து மீளும் மகன் ஒருவனை நினைக்க. அவன் தரையில் அமர்தல் கூடாது. விழா உணவை மற்றையாருடன் உண்ணுதல் வேண்டும். அயலார் வந்து ஆறுதல் கூறுதற்குத் தடையில்லை. ஆயினும் ஊரார் விழா முடித்துத் தத்தம் தொழிலுக்குத் திரும்பும்போதே அவன் துக்கத்தைத் தொடங்குவான். மற்றொருவனோ, சிறிதுபொழுதிலேயே ஏழு நாளையும் இழந்து, அழுவதற்குரிய இடமே தனக்கில்லை என நையவுங் கூடும். இவ்விதி கொடிதோ எனின், அது கையையும் காலையும் ஆளுகின்றதேயன்றிக் கண்ணீரைக் குற்றமாக்கவில்லை என்க.

இதற்கு ஒரு சான்று லேவியராகமம் 10-ஆம் அதிகாரத்துண்டு. திருக்கூடாரத்தின் பிரதிட்டைக் காலத்தில், எட்டாம் நாளாகிய மகிழ்ச்சி நாளில், ஆரோனின் புதல்வர் இருவர் மாண்டனர். ஆரோன் வாய்திறவாதிருந்தார், ஆடை கிழித்துத் துக்கங் காட்டவும், திருப்பணியினின்று வெளியேறவும் தடுக்கப்பட்டார். ஆனால் அன்று உண்ணவேண்டிய பலியுணவு உண்ணப்படாது எரிக்கப்பட்டது. மோசே சினந்து வினவினார். இத்தகைய துயர் நேர்ந்த நாளில் அதனை உண்டிருப்பின் இறைவனுக்கு உவப்பாகுமோ என்றார் ஆரோன். மோசே அதனைக் கேட்டு, நன்றென அமைந்தார்.

பொதுவிழாவின் பொருட்டுத் தன் துயரை அடக்கி நின்ற தந்தைக்கு, உண்ணாதிருத்தல் ஒன்று எஞ்சியிருந்தது. அதனைக் குற்றமென்று கொள்ளாது ஏற்ற உள்ளமும் அவ்வறத்தின் பகுதியேயாம்.