காணி உறுதியும் ஒரு குளிசையும்

இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னரும் என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கடித உறை. உள்ளே காணி உறுதி.

"ஹஸ்ரத், வாப்பாக்குக் கென்சர். சதையிலயாம், பென்கிரியாஸ் என்டாங்க. வெட்டி எடுக்க ஏலாதாம். அமெரிக்காவுல ஒரு குளிசை இருக்காம். அதக் குடிச்சா கதிர்ச் சிகிச்சை நல்லா வேலை செய்யுமாம். காணிய விக்கிறதா?"

"தவக்குல் வையுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். முன்பொருவரை அப்படி அனுப்பியும் இருக்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பிக்கும் நான், அன்று அதை மறந்தேன். அந்த உறுத்தல் இன்னும் உண்டு. ஆகவே இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் போனேன்.

சதையி இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிறது. முன்சிறுகுடல் அதை வளைத்து நிற்கிறது. கதிரைக் கூட்டினால் குடல் புண்ணாகும். அத்துடன், இப்புற்றுநோயைச் சுற்றித் தடித்த நார்த்திசு வளர்வதால் உள்ளே ஒட்சிசன் குறைவு. ஒட்சிசன் குறைந்த கலங்கள் கதிரைத் தாங்கிக்கொள்ளும். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரசாயன மருந்துச் சிகிச்சைக்குப் பின் கதிரையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆயுள் கூடவில்லை என்றே தெரிந்தது.

அப்படியாயின் அந்தக் குளிசை என்ன செய்கிறது? கதிர் பட்டதும் கலத்தின் டீ.என்.ஏ. உடைகிறது. உடனே கலம் பிரிவதை நிறுத்திவிட்டு, உடைந்ததைத் திருத்துகிறது. இந்த நிறுத்தத்துக்கு "வீ-1" என்ற புரதம் பிரேக் போல உதவுகிறது. சதையிப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை வேறொரு பிரேக்கை ஏற்கனவே இழந்தவை; அதனால் இதையே அதிகம் நம்பியிருக்கின்றன. அடவோசேர்ட்டிப் என்ற மருந்து இதையும் தடுத்துவிடும். உடைந்த டீ.என்.ஏ.யுடனேயே பிரியப்போய்க் கலம் அழிகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இதை 34 நோயாளிகளுக்கு ஜெம்சிட்டபீன் மருந்துடனும் கதிருடனும் கொடுத்துப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இடைநிலை ஆயுள் 21.7 மாதங்கள். இந்த நோயில் அது மனதுக்குத் தெம்பு தரும் எண்ணிக்கைதான். ஆனால் எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று அறியவே அந்த ஆய்வு நடந்தது. மருந்து பெறாத ஒரு குழுவை அருகில் வைத்து ஒப்பிடவில்லை.

இந்த வழி வெறும் கற்பனையும் அல்ல. தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிருடன் செட்டக்சிமாப் என்ற மருந்தைச் சேர்த்தபோது, இடைநிலை ஆயுள் 29.3 மாதங்களிலிருந்து 49 ஆக உயர்ந்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வு ஒப்பிட்டுச் செய்யப்பட்டது. சதையிக்கு அவ்வாறான உறுதியான சான்று இன்னும் வரவில்லை.

இரண்டாம் நாள் மாணவரை அழைத்துச் சொன்னேன்: "காணியை விற்க வேண்டாம் மகன். அது இன்னும் ஆய்வில் பார்க்கப்பட்ட மருந்துதான், கடைக்கு வரவில்லை. பணம் தந்தால் எடுத்துத் தருவேன் என்று யாரும் வந்தால் நம்பவேண்டாம். வாப்பாவுக்கு இங்கே என்ன சிகிச்சை பொருந்தும், வலியைக் குறைக்க என்ன வழி என்று வைத்தியரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். வலியைத் தணிப்பதும் வைத்தியம்தான்."

"அப்ப நம்பிக்கை இல்லையா ஹஸ்ரத்?" என்றார்.

நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது எமது ஈமான். அந்த மருந்தைத் தேடி எங்கோ சிலர் கண்விழிக்கிறார்கள். ஆனால் தேடப்படுவதைக் கிடைத்துவிட்டதாக நோயாளியிடம் சொல்வது அமானத்துக்கு மோசம் செய்வதாகும். இதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

சில மாதங்களில் அவருடைய வாப்பா மௌத்தானார். ஜனாஸாவை அடக்கித் திரும்பும் வழியில் மாணவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "கடைசிக் கிழமைகள்ல வலி குறைஞ்சிருந்திச்சு ஹஸ்ரத். உட்கார்ந்தே தொழுதாங்க. உம்மாக்கு வளவும் மிஞ்சியிருக்கு."

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், மருந்து தேடுவோருக்கு வெற்றியையும், பதில் சொல்லும் எம்மைப் போன்றோருக்கு நாவில் நிதானத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.