அச்சுவேலி வளவில் ஒரு பசுமைக்குடில்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் எம்மவர் பலரது வீட்டின் பின்புறத்தில் கண்ணாடியாலோ பொலித்தீனாலோ ஆன சிறு குடில் ஒன்று இருக்கிறது. பங்குனிக் குளிரில் அதற்குள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றிட்டு, வைகாசியில் வெளியே நட்டு, புரட்டாதியில் கறிவேப்பிலைச் சாடியை மீண்டும் உள்ளே கொண்டுபோய் வைப்பது அங்கே ஓர் ஆண்டுச் சடங்காகிவிட்டது. அந்த அனுபவத்தோடு ஊருக்கு வருபவர்களுக்கு, "அம்மாவுக்கும் இப்படியொன்று போட்டுக் கொடுத்தால் என்ன?" என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. அச்சுவேலியிலும் அயற்கிராமங்களிலும் அவ்வாறு எழுந்த குடில்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பயன் தருபவை உண்டு. இரண்டாம் ஆண்டிலேயே கூரை கிழிந்து, இரும்புக்கூடு மட்டும் வெயிலில் நிற்பவையும் உண்டு. வேறுபாடு பணத்தில் இல்லை. ஊரின் வெயிலையும் காற்றையும் மழையையும் கணக்கில் எடுத்தார்களா என்பதில்தான் இருக்கிறது.

குளிர்நாட்டுக் குடில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்கானது. எமது மண்ணிலோ சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியை ஒட்டியும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இங்கே நாற்புறமும் பொலித்தீனால் மூடினால் உள்ளே வெப்பம் 40 பாகை செல்சியசை எளிதில் தாண்டும். 35 பாகைக்கு மேல் போனாலே தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் கொட்டத் தொடங்கும். ஒரு வளவில் முதிய அம்மா ஒருவர் சொன்னார்: "தம்பி, இதுக்குள்ள நிண்டால் எனக்கே மூச்சு முட்டுது, தக்காளி என்ன செய்யும்?" குடிலமைப்பைப் பற்றிய முழுப் பாடமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. எமக்கு வேண்டியது மழைக்குக் குடையும் பூச்சிக்கு வலையும் மட்டுமே. வெப்பம் வெளியேற வழிவிட வேண்டும்.

ஆகவே கூரைக்கு மட்டும் பொலித்தீன். நான்கு பக்கமும் வலை. பத்தடி அகலமும் இருபதடி நீளமும் ஒரு வீட்டுக்குப் போதும். கூரையின் உச்சி பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் இருப்பதும், அதன் முகட்டில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு இருப்பதும் அவசியம். அத்திறப்புக்கும் வலை இட வேண்டும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்ட 200 மைக்கிரோன் பொலித்தீனையே வாங்க வேண்டும். சாதாரணப் பொலித்தீன் எமது வெயிலில் ஓராண்டும் தாங்காது. இரும்புக் குழாய் சூடேறி, பொலித்தீன் அதில் படும் இடத்திலேயே முதலில் கிழியும். குழாயின் மேற்புறத்தில் வெள்ளை வர்ணம் பூசினால் அது நெடுநாள் உழைக்கும்.

அடுத்தது காற்று. வல்லை வெளியைச் சைக்கிளில் கடந்தவர்களுக்குச் சோளகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அது வீசும். மார்கழியிலும் தையிலும் வடகிழக்கிலிருந்து வாடை வரும். இரண்டும் ஏறத்தாழ ஒரே கோட்டில் எதிரெதிராக வருவதால், குடிலின் ஒடுங்கிய பக்கம் அக்கோட்டை நோக்கியிருப்பது நல்லது. வேலியும் முக்கியம். கிளுவையும் பூவரசும் அடர்ந்த உயிர்வேலி காற்றை வடித்து, வேகம் தணித்து உள்ளே விடும். மதிலில் மோதும் காற்றோ மேலெழுந்து, மறுபுறம் சுழன்று விழுந்து கூரையைப் பிடுங்கும். வெளிநாட்டுப் பணத்தில் வேலியை வெட்டி மதில் கட்டிய வளவுகளில், மதிலோரம் குடில் போடுபவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிப் பருவங்களுக்கு வருவோம்.

சித்திரையும் வைகாசியும் குடிலுக்கு ஓய்வுக்காலம். அந்த வெயிலோடு போராடாமல் அதனை வேலைக்கமர்த்துவதே புத்தி. பாத்தியை நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பொலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடி நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், வேரில் முடிச்சுண்டாக்கும் நுண்புழுக்களும் அழுகல் நோய்க் கிருமிகளும் களைவிதைகளும் பெருமளவு மடியும். ஒரு பாத்தியில் மட்டும் பாதி நிழல் தரும் வலையை மேலே கட்டிக் கீரை விதைக்கலாம்.

சோளகக் காலத்தில் கயிறுகளை வாரமொருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த பொலித்தீன் படபடத்தே கிழிகிறது. வெண் ஈயும் பனிப்பூச்சியும் மிளகாயின் இலையைச் சுருளச் செய்யும் காலமும் இதுவே. அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்கள் கொண்ட வலை வெண் ஈயைப் பெரும்பாலும் தடுக்கும். பனிப்பூச்சி அதனினும் சிறியது. ஆதலால் இலையின் அடிப்பக்கத்தை நாள்தோறும் பார்ப்பதற்கு மாற்று இல்லை. வலையில் தூசி படிந்தால் காற்று நின்றுவிடும். தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ஒற்றைக் கதவை விட, இடையில் சிறு இடம் விட்ட இரட்டைக் கதவு நல்லது.

ஆவணியிலும் புரட்டாதியிலும் குடில் நாற்றுமேடையாகிறது. பாத்தியின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்த பின் விதைக்கும் பழைய வழக்கம், நாற்றின் அடி அழுகிச் சாயும் நோயைக் குறைக்கும். நெருக்கமாக விதைப்பதும் மாலையில் நீரூற்றுவதும் அந்நோயை அழைப்பதற்குச் சமம். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் திறந்த தோட்டம் வெள்ளத்தில் நிற்கும்போது குடிலின் அருமை தெரியும். சுற்றிவர வாய்க்கால் மட்டும் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் தயங்காமல் கூரையைக் கழற்றிச் சுருட்டிவிட வேண்டும். 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரெவியும் குடாநாட்டை எப்படி உலுப்பின என்பதை மறந்துவிட முடியாது. ஆணியால் அறைந்த கூரையைக் கழற்ற நேரம் போதாது. கயிற்றால் கட்டிய கூரையே உகந்தது.

மாரியில் இன்னொரு வரவும் உண்டு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். குடாநாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 1250 மில்லிமீற்றர் மழை என்று கொண்டால், இருநூறு சதுர அடிக் கூரையில் ஏறத்தாழ 23,000 லீற்றர் விழுகிறது. ஒரு பீலியும் தொட்டியும் இருந்தால் அதில் ஒரு பங்கையேனும் பிடிக்கலாம். எமது கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறிவருவது. கேத்தலின் அடியில் படியும் வெண்படைதான் சொட்டுநீர்க் குழாயின் துளைகளையும் அடைக்கிறது. மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை.

தையும் மாசியும் குடிலின் பொற்காலம். இரவு குளிரும், பகல் இதமாக இருக்கும். தக்காளி காய்த்துக் குலுங்கும். ஆனால் வலைக்குள் வண்டும் தேனீயும் வராது. காலை ஒன்பது, பத்து மணியளவில் தக்காளிக் கொடி கட்டிய கயிற்றை மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிரும். பாகலுக்குக் காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவ வேண்டும். புடோலின் பூ மாலையில் விரிவதால் அதனைக் கருக்கலில் செய்ய வேண்டும். இலைகளில் பனி தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்; அடியிலைகளைக் கிள்ளிக் காற்றுக்கு வழிவிடுங்கள்.

பங்குனியில் கணக்குப் பார்க்கலாம். மழை படாத மண்ணில் உப்பு மேலே படியும். கூரையைக் கழற்றும் ஆண்டில் ஒரு மாரி மழையை நேரே மண்ணில் விழவிட்டால் அது கரைந்து போகும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றன்பின் மற்றொன்றை அதே பாத்தியில் நடக்கூடாது. இடையில் பயற்றினமோ கீரையோ வரட்டும். பூவரசங்குழை தாழ்ப்பதை எமது முன்னோர் காரணமின்றிச் செய்யவில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். வலிகாமத்தின் நிலத்தடி நீருக்கு மழையைத் தவிர வேறு ஊற்றில்லை. செம்மண்ணில் நாம் அளவுமீறி இடும் உரம், அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே அதே நீருக்குப் போய்ச் சேருகிறது. பல கிணறுகளில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைக் கடந்துவிட்டது. 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியாவும் எரிபொருளும் இன்றி இந்த ஊர் விளைவித்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோதும், 2022 ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டபோதும், சொந்த வளவின் மதிப்பு மீண்டும் நினைவுக்கு வந்தது. மருந்தடிக்காத நான்கு தக்காளி, கிணற்றைக் கெடுக்காத ஒரு பாத்தி: ஒரு சிறு குடில் தரக்கூடியது இவ்வளவுதான். அது சிறிய விடயமன்று.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிலை எழுப்புமுன், அதனைக் காலையில் திறக்கவும் கயிற்றைத் தட்டவும் இலையைப் புரட்டிப் பார்க்கவும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வயதான தாய் தனித்திருந்தால், பத்தடிக்குப் பத்தடியே போதும். பாத்தியை இடுப்பளவு உயரத்தில் அமையுங்கள், குனியாமல் வேலை செய்யட்டும். அயல்வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு மாதந்தோறும் சிறுதொகை கொடுத்துக் கூரைக் கயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் குடிலின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.