வேதாளப் படத்தின் உட்பொருள்

சிறுவர்க்கென வரையப்பெற்ற படங்களிற் பெரியோர் உட்பொருள் தேடுதல் புதிதன்று. அங்ஙனம் தேடுதற்கு இடந்தருவனவற்றுள் அம்புலிமாமாவில் வந்த விக்கிரமாதித்தன் படம் ஒன்று. அவ்விதழ் 1947-இல் நாகிரெட்டி, சக்கரபாணி என்னும் இருவரால் சென்னையில் தொடங்கப்பெற்றது. 1952-இல் அதன்கண் ஓவியராகச் சேர்ந்து, 2020-இல் மறைந்த சங்கர் வரைந்த வேந்தன், உருவிய வாளோடும் தோளிற் கிடக்கும் பிணத்தோடும் சுடலைவழியே நடக்கின்றான். இதழ் நின்றுவிட்டது, வேந்தன் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றான்.

மெய்கண்டார் சிவஞானபோதம் அருளிய திருவெண்ணெய்நல்லூரைத் தன்னகத்துக்கொண்ட விழுப்புரம் மாவட்டத்துக் கோலியனூரிற் சைவப் பெரியார் ஒருவர், பழைய இதழ்த் தொகுதியைப் பெயர்த்திக்குக் காட்டிப் பொருள் விரித்தார். சுடலை உலகம், வேந்தன் உயிர், பிணம் உடம்பு, வாள் ஞானம், பிணத்துட் புகுந்த வேதாளம் ஆணவமலம் என்றார். முருங்கை மரத்திற்கும் ஒரு தத்துவம் கூறப் புகுந்தார். (வடநூலில் அது சிம்சபை மரம், முருங்கை தமிழ்க் கதையினர் நட்டது. அதனை விடுதலே நன்று.) வேறொரு கதைப்புத்தகத்தில் முடிவைப் படித்திருந்த சிறுமியோ, "தாத்தா, வேதாளம் ஆணவமானால் கடைசியில் அரசனைக் காப்பாற்றியது ஏன்?" என்று வினவினாள்.

பெரியார் கட்டிய உருவகம் அவ்விடத்தே முறிந்தது. இதழில் மாதந்தோறும் வேதாளம் மரத்திற்கே மீண்டமையால், படம் கதையின் இடைநிலையையே காட்டிநின்றது. 11-ஆம் நூற்றாண்டிற் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் முடிவும் உண்டு. விடை அறிந்தும் கூறாதிருப்பின் வேந்தன் தலை சிதறும். கூறின் மௌனம் கலைந்து வேதாளம் மரமேறும். ஆகவே அவனைத் திரும்பத்திரும்ப மரத்தடிக்கு இழுத்தது அவனது அறிவே. இறுதி வினாவிற்கு விடைகாணாது அவன் வாய்வாளாதிருந்த பொழுது, வேதாளம் மகிழ்ந்து, பிணத்தைக் கொணருமாறு ஏவிய துறவி அவனையே பலியிடக் கருதியிருத்தலை வெளியிட்டு, உய்யும் வழியும் உரைத்தது. பின்னர்ச் சிவபெருமானே வெளிப்பட்டு வேந்தனைப் பாராட்டினார் என்பது அந்நூல்.

இஃது ஆணவத்தின் செயலன்று. ஆணவம் ஒருபொழுதும் உயிர்க்குத் துணையாகாது. ஐம்மலங்களுள் ஒன்றாக எண்ணப்படும் திரோதாயியோ அத்தகையதன்று. அஃது இறைவனது மறைப்பாற்றல். மலத்தைத் தொழிற்படுத்தி நடத்துதலின் மலமென உபசாரமாகக் கூறப்பெறும். மலம் பரிபாகமுற்றவழி அதுவே அருட்சத்தியாய்ப் பதியும். தற்போதம் அடங்குமளவும் தடையாய் நின்று, அடங்கியபின் துணையாயது எதுவோ, அதனையே வேதாளத்திற்குப் பொருளாகக் கொள்ளல் வேண்டும்.

ஓவியர் இவற்றையெல்லாம் எண்ணி வரைந்தார் எனக் கொள்ள வேண்டுவதில்லை. சிறுவர் அஞ்சவும் மகிழவும் அவர் வரைந்தார். பெரியாரும் மறுநாள் வேதாளத்தைத் திரோதாயி என்று திருத்திக் கூறினார். சிறுமி அதனைக் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் அரசனை அனுப்பிய சாமியார் யார்? அவர் படத்தில் இல்லையே" என்று அடுத்த ஏட்டைப் புரட்டினாள்.